இரண்டேமுக்கால் அடி

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறினால் செம்பரம்பாக்கம் ஏரிக் காற்று கொஞ்ச தூரம் கூட வரும். அதற்குப் பிறகு நீலமும் சாம்பலுமாகத் தகரக் கூரைகள்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபேன் கண்ணாடி ஆலை, 2006-இல் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-இல் டைம்லர். ராயல் என்ஃபீல்டு 2013-இல் ஒரகடத்துக்கும் 2017-இல் வல்லம் வடகாலுக்கும் வந்தது. ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை, கம்பெனிப் பெயரைச் சொல்லித்தான் இறங்குகிறார்கள்.

நான் கட்டடக் கலைஞன். ஆர்க்கிடெக்ட் என்றால்தான் இந்தப் பக்கம் யாருக்கும் விளங்கும். சென்னையில் சின்ன அலுவலகம். சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து சில வேலைகள். காலை எட்டு மணிக்கு நான் லேப்டாப்பைத் திறக்கும்போது அங்கே பத்தரை. அவர்கள் காபி குடித்து முடித்து, நேற்றைய டிராயிங்கில் சிவப்புக் குறிகள் போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பேச்சை முடித்துக்கொண்டு வல்லம் வடகாலுக்குப் புறப்படுவேன். அங்கே ஒரு தொழிற்சாலைக்கும் அதில் வேலை செய்யப்போகிற பெண்களுக்கான விடுதிக்கும் நாங்கள் வரைந்திருக்கிறோம். ஆலைக்கு ஆன டிராயிங்குகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. விடுதிக்கு அதில் கால் பங்குகூட இல்லை. இந்தப் பயணத்தில் எனக்குச் சொல்லத் தோன்றுவது முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2014-இல் மூடியது. சில ஆண்டுகள் சும்மா கிடந்த அந்த இடத்தைப் பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பெயர்ப்பலகை மாறியது, கூரை மாறவில்லை. ஆலைக் கட்டடம் என்பதே அப்படிப்பட்ட ஒரு சரக்கு. பி.இ.பி. ஷெட் என்பார்கள். இரும்புத் தூணும் உத்தரமும் எங்கோ ஒரு பட்டறையில் துளை போட்டு வந்திறங்கும், கிரேன் தூக்கிப் பிடிக்க போல்ட் போட்டு முடுக்கிவிடுவார்கள். அடித்தளம் தயாராக இருந்தால் சில வாரங்களில் எலும்புக்கூடு நின்றுவிடும். உள்ளே என்ன மெஷின் வரும், தரை எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், தூசி எவ்வளவு இருக்கலாம், வெப்பம் எத்தனை டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து கட்டுக் கட்டாக எழுதி வரும். அதில் ஒரு வரியை மாற்றுவதற்கு மூன்று நாட்டு ஆட்களோடு பேச வேண்டும்.

இது புதிதும் அல்ல. டெட்ராய்ட்டில் ஆல்பர்ட் கான் என்றொரு ஆர்க்கிடெக்ட் இருந்தார். ஹென்றி ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் ஆலை அவர் வரைந்தது. அது 1910-இல் திறந்தது. நகரும் வரிசையில் கார் பூட்டும் முறை அந்தக் கட்டடத்தில்தான் பிறந்தது. 1929-இலிருந்து 1932 வரை அவருடைய அலுவலகம் சோவியத் நாட்டுக்காக 500-க்கும் மேற்பட்ட ஆலைகளை வடிவமைத்தது. மாஸ்கோவில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான உள்ளூர் ஆட்களுக்கு டிராயிங் போடப் பழக்கிக் கொடுத்தார்கள். ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலையின் இரும்புச் சட்டகம் அமெரிக்காவில் செய்யப்பட்டுக் கப்பலில் போய் அங்கே பூட்டப்பட்டது. ஒரு நாட்டில் வரைந்து, இன்னொரு நாட்டில் உருக்கி, மூன்றாவது இடத்தில் நிறுத்தும் இந்த வேலைமுறைக்கு இன்றைக்கு வயது நூற்றை நெருங்குகிறது. கானை நான் மதிக்கிறேன். ஆலைக்குள் பகல் வெளிச்சம் வர வேண்டும் என்று கூரையையே உடைத்து உடைத்து வரைந்தவர் அவர். வெளிச்சம் இருந்தால் வேலை சரியாக நடக்கும் என்பது முதலாளியின் கணக்காக இருக்கலாம். ஆனால் அந்த வெளிச்சத்தில் நின்றவன் தொழிலாளி.

ஸ்ரீபெரும்புதூரில் நெடுஞ்சாலையை விட்டு சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் திரும்பினால் ஊர் சட்டென்று பழைய முகத்தைக் காட்டும். ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரம் தெரியும். ஏரிக்கரையில் பனைமரங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள், அது வெறும் பேச்சல்ல. இந்தத் தடத்தில் எங்கே மண்ணைத் தோண்டினாலும் ஒரு காலத்தில் நீர் ஓடிய கால்வாயோ நின்ற தாங்கலோ கைக்குத் தட்டுப்படும். தொழிற்பேட்டை அமைக்கிற அரசு நிறுவனமான சிப்காட்டின் வரைபடத்தில் மனைகள் நேர்க்கோட்டில் இருக்கின்றன. தண்ணீர் நேர்க்கோட்டில் போவதில்லை. 2015 டிசம்பர் மழையில் இந்தத் தடத்திலிருந்த பெரிய ஆலைகள் பல வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகு எந்த நிறுவனம் வந்தாலும் முதல் கேள்வி, தரைமட்டத்தை எவ்வளவு உயர்த்துகிறீர்கள் என்பதுதான். ஒவ்வொருவரும் தன் மனையை மட்டும் உயர்த்திக்கொண்டால் நடுவில் இருக்கிற கிராமம் பள்ளமாகிப் போகும். ஆலையின் மழைநீர் வடிகாலை எந்த ஏரிக்கு, எந்த மட்டத்தில் கொண்டுபோய் விடுவது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பது இதற்காகத்தான். இந்த ஊர் வயதானவர்களிடம் கேட்டால் கலங்கல் எந்தப் பக்கம், மதகு எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். எந்த சர்வே கருவியும் தராத தகவல் அது.

வல்லம், வடகால் என்று இரண்டு ஊர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சிப்காட் பூங்காவுக்குப் பெயர். அகலமான சாலைகள், நடுவே அரளிச் செடிகள், விமான உதிரிபாகத் தொழில்களுக்கென்று ஒதுக்கிய நிலம், காலி மனையில் மேய்கிற மாடுகள். அங்கேதான் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற ஒரு குடியிருப்பு இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். மின்னணு நிறுவனமான ஃபாக்ஸ்கானின் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். 20 ஏக்கரில், 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக சிப்காட் கட்டிய விடுதி. 13 பிளாக்குகள், பிளாக்குக்கு 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

என் தொழிலில் இந்த மாதிரி எண்களைக் கண்டால் கை தானாகக் கால்குலேட்டரை எடுக்கும். ஏக்கருக்கு 936 பேர். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அப்படியென்றால் நிலத்தில் தலைக்கு 46 சதுர அடிக்குச் சற்று மேல். ஆனால் மாடி மாடியாக ஏறிப் போவதால் இடம் கிடைக்கிறது, சாலைக்கும் மரத்துக்கும் விளையாட்டுக்கும் தரை மிஞ்சுகிறது. குறை சொல்வதற்காக இந்தக் கணக்கைப் போடவில்லை. அரசே முன்வந்து இவ்வளவு பெண்களுக்கு வேலையிடத்துக்குப் பக்கத்தில் கூரை போட்டது பெரிய காரியம். இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஒரு தனியார் விடுதியில் உணவு ஒவ்வாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போக, அவர்களோடு வேலை செய்தவர்கள் இரவோடிரவாக இதே பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தூங்குமிடமும் சாப்பாடும் தொழில் கொள்கையின் மையம் என்று ஊருக்கு உரக்கச் சொன்னது அந்த இரவு.

எங்கள் சைட் அங்கிருந்து கொஞ்ச தூரம். விடுதிக்கு அடித்தளம் தோண்ட இன்னும் தொடங்கவில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்தில், முழு அளவில் ஒரே ஒரு அறையை மட்டும் முன்கூட்டியே கட்டச் சொல்லியிருந்தேன். மாதிரி அறை. பன்னிரண்டுக்கு இருபது அடி. மூன்று இரட்டை அடுக்குக் கட்டில்கள், ஆறு அலமாரிகள், இரண்டு காத்தாடிகள், ஒரு ஜன்னல். அப்ரூவல் வாங்குவதற்குக் கிளையன்ட் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், டைல்ஸ் நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள், போய்விடுவார்கள். அன்றைக்கு அவர்கள் வருவதற்குள் நான் வேறொரு வேலை செய்ய நினைத்தேன்.

"மேஸ்திரி, சித்தாள் பொண்ணுங்க யாராவது ரெண்டு பேரைக் கூப்பிடுங்களேன்."

"எதுக்கு சார்? பெருக்கணுமா?"

"இல்ல. படுத்துப் பாக்கணும்."

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே போய், தன் மனைவியையும் இன்னொரு அம்மாவையும் அழைத்து வந்தார். இரண்டு பேரும் காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். மேல் கட்டிலில் ஏறுவதற்கு அந்த அம்மா இரண்டு முறை காலை வைத்துப் பார்த்தார். ஏணிக் கம்பி உருண்டையாக இருந்தது, வெறுங்காலுக்கு வழுக்கியது. மேஸ்திரியின் மனைவி கீழ்க் கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை.

"எப்படி இருக்கும்மா?"

"கட்டில் நல்லாத்தான் இருக்கு சார். காத்து வரல. மேல பலகை மறைக்குது. காத்தாடி எல்லாம் மேல இருக்கிறவங்களுக்குத்தான்."

மேல் கட்டிலிலிருந்து அந்த அம்மா குனிந்து பார்த்துச் சொன்னார்: "எனக்குக் காத்து ஜாஸ்தியா இருக்கு. ஆனா எழுந்து உக்காந்தா தலை இடிக்கும் போல. ஏன் சார், துணியை எங்க காயப் போடுவாங்க? ஆறு பேர் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து குளிச்சா ஆறு யூனிபாரம், ஆறு துண்டு. இந்த ஜன்னல்லதான் கட்டுவாங்க. கட்டினா இருக்கிற காத்தும் போச்சு."

அடுத்து வந்த கூட்டத்தில் டைல்ஸைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. இந்த மூன்று விஷயங்களைத்தான் மேஜையில் வைத்தேன். கட்டிலுக்குக் கட்டில் தனித்தனியாகச் சின்னக் காத்தாடி, தட்டையான படிகள் உள்ள ஏணி, துணி காய வைக்க ஒவ்வொரு மாடியிலும் காற்றோட்டமான திறந்த தளம். நான்காவதாக ஒன்றையும் சேர்த்தேன். அறையின் நீளம் இருபது அடி போதாது, இரண்டேமுக்கால் அடி கூட்ட வேண்டும்.

இந்த இரண்டேமுக்கால் அடி எங்கிருந்து வந்தது என்று கிளையன்ட் தரப்பு இன்ஜினியர் கேட்டார். நியாயமான கேள்வி. அது சிங்கப்பூரிலிருந்து வந்தது.

2020-இல் கொரோனா பரவியபோது சிங்கப்பூரில் சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுதிகளில் இருந்தார்கள். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்கள். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போன நம் ஆட்களும் வங்காளதேசத்தவர்களும் ஒரே அறையில் அடுக்கடுக்காகப் படுத்திருந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களில் சுமார் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது என்று அந்நாட்டு அரசே அறிவித்தது. ஊருக்கு வெளியே தெரியாமலிருந்த அறைகள் அப்போதுதான் ஊர்க் கண்ணில் பட்டன. 2021 செப்டம்பரில் புதிதாகக் கட்டும் விடுதிகளுக்கு விதி வந்தது: ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, அறைக்குள் தலைக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, அதுவும் அறையோடு சேர்ந்து.

4.2 சதுர மீட்டர் என்றால் 45 சதுர அடி. ஆறு பேருக்கு 270-க்குச் சற்று மேல். பன்னிரண்டடி அகல அறையை இருபத்திரண்டேமுக்கால் அடி நீளமாக்கினால் 273 வரும். சிங்கப்பூரில் அப்படியொரு விடுதி வேலையில் நான் கூட இருந்தேன். அங்கே எந்த நிறுவனமும் அந்த 45 சதுர அடியைப் பற்றி வாதாடவில்லை. விதி அது, அவ்வளவுதான். கையெழுத்துப் போடுகிற ஆர்க்கிடெக்ட் அதற்குச் சட்டப்படி பொறுப்பாளி. தப்பு நடந்தால் அவர் உரிமம் போகவும் கூடும். அதே கோப்பைப் புரட்டிவிட்டு இங்கே வந்து, நம் ஊர்ப் பெண்ணுக்கு 40 போதும் என்று ஒரே மூளையால் எப்படி வரைய முடியும்? புதுக்கோட்டைப் பையன் சிங்கப்பூரில் படுத்தால் 45, அவன் தங்கை வல்லத்தில் படுத்தால் 40 என்று நான் டிராயிங்கில் எழுத மாட்டேன். வெளிநாட்டில் வேலை செய்கிறவன் ஊருக்குக் கொண்டுவர வேண்டியது கண்ணாடிச் சுவரையும் அலுமினியப் பலகையையும் அல்ல, இந்த மாதிரிக் குறைந்தபட்ச அளவுகளைத்தான்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சட்டம் பெயரைத்தான் காக்கிறது, தொழிலை அல்ல. கட்டடம் வரைவதை மற்றவர்கள் செய்யத் தடையில்லை. தீர்ப்பைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. ஊரில் பாதிக் கட்டடங்களை நல்ல மேஸ்திரிகள்தான் எழுப்பியிருக்கிறார்கள். ஆனால் பெயரைத் தவிர வேறு காவல் இல்லாத தொழிலில், அளவைக் காப்பாற்றுவது வரைகிறவனின் மனசாட்சி ஒன்றுதான். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சாலை அகலம், உயரம், பக்க இடைவெளி, கார் நிறுத்தம் எல்லாம் விரிவாக இருக்கின்றன. அவற்றையெல்லாம் சரிபார்த்து முத்திரை வாங்கிய பிறகும், ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற பெண்ணுக்கு வெளிச்சத்தை எப்படி மறைத்துக் காற்றை எப்படி விடுவது என்ற கேள்வி வரைபலகையில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் வெளிநாட்டில் இல்லை. இங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் போய், திண்டிவனம் வழியாக மூன்று மணி நேரம் ஓட்டினால் கிடைக்கும். பாண்டிச்சேரியில், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி. என் அலுவலகத்துப் பிள்ளைகளை இந்த வேலை தொடங்கும் முன் அங்கேதான் அனுப்பினேன். யாரும் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற காட்சிசாலை அல்ல அது. ஆசிரமத்தவர் இன்றும் வாழ்கிற வீடு. அனுமதி வாங்கி, செருப்பைக் கழற்றி, குரலைத் தாழ்த்தித்தான் போக வேண்டும்.

அதை வரைந்தவர் ஆன்டனின் ரேமண்ட். செக் நாட்டில் பிறந்து, அமெரிக்கக் குடிமகனாகி, டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்தவர். அவரோடு வேலை செய்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பிரான்சுவா சாமர், புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட் லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இன்னொருவர் ஜார்ஜ் நகாஷிமா, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். நகாஷிமா 1937-இல் பாண்டிச்சேரிக்கு வந்து சைட்டைப் பார்த்துக்கொண்டார். ஆசிரமம் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தது. பிற்காலத்தில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் உலகப் புகழ் பெற்றார். ஹைதராபாத் நிஜாமின் நன்கொடையில் எழுந்ததால்தான் கோல்கொண்டாவின் பெயர். இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரும்புக்கும் சிமென்டுக்கும் தட்டுப்பாடு வந்ததால் வேலை இழுத்துக்கொண்டே போய் 1940-களில்தான் முடிந்தது. ஆசிரமத்தவர்களே கம்பி வளைத்து, கான்கிரீட் கலந்து, கைப்பிடியும் கீலும் ஆசிரமத்துப் பட்டறையிலேயே வார்த்தார்கள்.

அதில் ஜன்னலே கிடையாது. சுவருக்குப் பதிலாக, தரையிலிருந்து கூரை வரை, கட்டடத்தின் முழு நீளத்துக்கும் படுக்கை வசமான பலகைகள். கைப்பிடியைத் திருப்பினால் எல்லாப் பலகைகளும் ஒன்றாகச் சாயும். வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்திவிட்டு காற்றை மட்டும் உள்ளே விடலாம். அறைக்கு ஒரு பக்கம் தோட்டம், மறுபக்கம் நடைவழி. இரண்டு பக்கமும் இதே பலகைகள். நடுவில் தேக்கில் செய்த நகர்த்துக் கதவு. அதன் சட்டங்களை முன்னும் பின்னுமாக இடைவெளி விட்டு அடித்திருக்கிறார்கள், கதவை மூடினால் ஆள் தெரியாது, காற்று நிற்காது. மேலே இரட்டைக் கூரை. வெயில் மேல் ஓட்டில் விழும், இடையில் காற்று ஓடும், கீழ்த் தளம் சூடேறாது. சித்திரை மாதத்திலும் உள்ளே நின்றால் உடம்பு தணியும். நீள வாக்கில் கிழக்கு மேற்காகக் கிடக்கிற கட்டடம், முகங்கள் வடக்கும் தெற்கும். எங்கள் ஊர்க் காற்றையும் வெயிலையும் எங்கிருந்தோ வந்த மூன்று பேர் இப்படி வாசித்திருக்கிறார்கள். அதுவும் யாருக்காக? தனியாகத் தங்கி வேலை செய்கிறவர்கள் தூங்கி எழும் ஒரு விடுதிக்காக. அலுவலகத்துக்கோ மாளிகைக்கோ அல்ல.

கோல்கொண்டேயை அப்படியே வல்லத்தில் வைக்க முடியாது. அங்கே ஆளுக்கு ஓர் அறை, இங்கே ஆறு பேருக்கு ஒன்று. அங்கே நடைவழியின் ஒரு பக்கம்தான் அறைகள், இங்கே இடமும் பணமும் போதாமல் நடைவழியின் இரண்டு பக்கமும் அறைகள். இருபக்க அறை என்றால் குறுக்குக் காற்று செத்துவிடும். ஆனால் எடுத்துக்கொள்ளக் கூடியதை எடுத்திருக்கிறோம். கதவுக்கு மேலே திறக்கிற சாய்பலகை, நடைவழியின் இரு முனையும் சுவரின்றித் திறப்பு, நடுவே மாடிக்கு மாடி வெட்டிவிட்ட காற்றுக் குழி, மேல்தளத்துக்கு மேல் சோலார் பலகைகளையே இரண்டாவது கூரையாகத் தூக்கி நிறுத்துவது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே தள்ளியிருப்பதால் கடற்காற்று இங்கே வந்து சேர நேரமாகும். வந்ததும் அது நுழைய ஒரு வாசல் வேண்டும். தென்கிழக்கு மூலையில் கட்டடத்தை உடைத்து வரைந்தது அதற்காக.

மதியச் சாப்பாட்டுக்கு வல்லக்கோட்டை பக்கம் போனேன். முருகன் கோயிலில் மூலவர் ஏழடி உயரம். அண்ணாந்து பார்த்தபோது ஒரு ஸ்தபதியின் நினைவு வந்தது. பிள்ளையார்பட்டியில் பிறந்த வை. கணபதி ஸ்தபதி 1961 முதல் பல ஆண்டுகள் மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியை நடத்தியவர். வள்ளுவர் கோட்டம் அவருடையது. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறந்த 133 அடித் திருவள்ளுவர் சிலையும் அவருடையது. ஹவாய்த் தீவுகளில் உள்ள இறைவன் கோயிலுக்கும் அவர்தான் அளவு கொடுத்தார். பெங்களூருவுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை ஊரையே அமைத்து, கல்லை உளியால் செதுக்கி, கப்பலேற்றி அனுப்பினார்கள். அவர் 2011-இல் மறைந்தார். கோயிலுக்குக் குடமுழுக்கு 2023-இல்தான் நடந்தது. ஒரு வேலைக்குத் தன் ஆயுளைவிட நீண்ட காலத்தை ஒதுக்கி அளவு போட்டவர் அவர். அவர் கற்ற மரபில் எந்தக் கட்டடத்துக்கும் முதலில் அளவுகோல் நிர்ணயிப்பார்கள். தூண், வாசல், கூரை எல்லாம் அந்த ஒரு அளவின் மடங்கு. விடுதிக்கு அந்த அளவு கட்டில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. படுத்த மனுஷி கையை நீட்டினால் எட்டுகிற தூரம், உட்கார்ந்தால் தலை இடிக்காத உயரம், போன் சார்ஜ் போடுகிற பிளக் தலைமாட்டில். இவற்றிலிருந்து தொடங்கிப் பெருக்கினால் அறை வரும், மாடி வரும், பிளாக் வரும். மனைப் பரப்பிலிருந்து வகுத்துக்கொண்டு வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் கட்டிலுக்குக் கிடைக்கும்.

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே ஷிப்ட் மாறும் நேரத்தில் போய் நின்றால் இந்தத் தடத்தின் உண்மையான கூட்டம் தெரியும். கம்பெனி பஸ்கள் வரிசையாக வருகின்றன. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை, காதில் இயர்போன். திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர்ப் பக்கத்துப் பேச்சு காதில் விழுகிறது. இப்போது ஒடியாவும் இந்தியும் சேர்ந்திருக்கின்றன. டீக்கடையில் ஒரு பெண் தோழியிடம், "எங்க ரூம்ல மெத்தை மாத்திட்டாங்கடி" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெத்தை மாற்றியதைச் செய்தியாகச் சொல்கிற அளவுக்கு அந்த அறை அவளுக்கு முக்கியம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பணம் அனுப்பி, முதன்முறையாகத் தனக்கென்று ஒரு பூட்டும் சாவியும் வைத்திருக்கிற வயது அது.

மாலை ஆறரைக்குக் கிளையன்ட் தரப்பிலிருந்து போன் வந்தது. தனிக் காத்தாடிக்குச் சரி. ஏணிக்கும் சரி. துணி காயும் தளம், மாடிக்கு ஒன்று வேண்டாம், மொட்டை மாடியில் மட்டும் போதும் என்றார்கள். வேலை முடித்து வந்தவள் ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு எத்தனை மாடி ஏறுவாள் என்று கேட்டேன். லிப்ட் இருக்கிறதே என்றார்கள். ஷிப்ட் விடும் நேரத்தில் லிப்ட் வாசலில் எத்தனை பேர் நிற்பார்கள் என்ற கணக்கை ஏற்கெனவே அவர்களுக்கு அனுப்பியிருந்தேன். மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டேமுக்கால் அடிக்கு மட்டும் நிதிப் பிரிவு ஒப்பவில்லை. எழுத்தில் காரணம் வேண்டுமாம், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு.

காரில் வரும்போதே எழுதினேன். அறைக்கு 33 சதுர அடி கூடுகிறது. 200 அறைகளுக்கு 6,600 சதுர அடி. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1 கோடியே 65 லட்சம். 1,200 பேர் தங்கப் போகிறார்கள். கட்டடத்தின் ஆயுளை 30 ஆண்டு என்று குறைத்தே போட்டால், ஒரு ஆளுக்கு மாதம் 38 ரூபாய். வட்டியைச் சேர்த்தால் கூடும், அதையும் ஒரு தனி வரியில் போட்டேன். கீழே, அதே ஆலையில் மெஷின்கள் நிற்கிற கூடத்தின் தரையைச் சமன்படுத்த எபாக்சி பூச்சுக்கு நாங்கள் ஒப்புக்கொண்ட தொகையையும், அதை யாரும் எழுத்தில் காரணம் கேட்காமல் ஒரே மின்னஞ்சலில் அனுமதித்த தேதியையும் சேர்த்து அனுப்பினேன்.